பொன்முடிக்கு நேரே ஒரு பூஜ்யம்

ஏப்ரல் 3, வியாழன்

ஏரி நடுவே பனிக்கட்டி இன்னும் அசையவில்லை. ஓரத்தில் திறந்த தண்ணீரில் அன்னம் 11, வாத்து நாற்பது சொச்சம். வானம்பாடி ஒன்று பாடிக்கொண்டே வடக்கே போனது. பொன்முடி - 0.

பொன்முடி கட்டைவிரல் அளவுக் குருவி. ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரத்தின் அடர்த்திக்குள்ளேயே கிடக்கும், கண்ணில் படாது. ஊசிக் குரலைக் கேட்டுத்தான் எண்ண வேண்டும். பறவைச் சங்கத்துக்காக இந்தப் பூங்காவில் எனக்கு இது பத்தொன்பதாவது வசந்தம். முதல் வருஷம் இதே வாரம் 14. போன வருஷம் 2. பூஜ்யம் போட்டதில்லை.

அடுப்பு மணி அடிக்கவில்லை, கெட்டுப்போயிருக்கிறது. ரொட்டி கருகிவிட்டது.

ஏப்ரல் 9

பொன்முடி - 0.

ஏப்ரல் 12, சனி

இன்றும் 0. காரணம் தெரிந்துவிட்டது. படகுத்துறைப் பக்கம் ஐந்து ஸ்ப்ரூஸைக் குளிர்காலத்தில் வெட்டியிருக்கிறார்கள். பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் ஓஸ்மோவை நிறுத்தி, நாயோடு வந்தவர்கள் எல்லாம் பார்க்க, கத்திவிட்டேன்.

"பத்தொன்பது வருஷமா இருந்த குருவியைத் துரத்திட்டீங்களே, நல்லா இருக்கா இது?"

"உள்ள உளுத்துப்போன மரம்மா. யார் தலையிலயாவது விழுந்தா அதையும் எண்ணி எழுதுவீங்களா?"

என்ன திமிர்! வீட்டுக்கு வந்ததும் உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். அவர் பெயரையும் போட்டேன்.

இந்த வாரம் நான் மனுஷரோடு பேசியது அது ஒன்றுதான்.

ஏப்ரல் 17

பத்திரிகையில் என் கடிதம் வந்துவிட்டது. சங்கத்திலிருந்து சிர்பா ஃபோன் செய்தாள். "உன் காது சொன்னா சரியாத்தான் இருக்கும் ஹில்கா." என் வீட்டுக்காரர் மார்ட்டியும் சொல்வார் - பக்கத்து வீட்டுப் பூனை கொட்டாவி விட்டாக்கூட உனக்குக் கேட்டுடும் என்று. அவர் போய் ஆறு வருஷம். இந்த வீட்டில் என் காதைப் பற்றிப் பேச யாரும் இல்லை.

ஏப்ரல் 24

ஓஸ்மோ நேரே என்னிடம் வந்தார். சண்டைதான் என்று நினைத்தேன்.

"கடிதம் படிச்சேன். என் பொண்ணு என்னைக் குருவிக் கொலைகாரன்னு கூப்பிடறா. அது கிடக்கட்டும். எண்ணெய் போடாத சக்கரம் மாதிரி காலையிலேர்ந்து ஒண்ணு கத்துது. தள்ளுவண்டிக்கு ரெண்டு தடவை எண்ணெய் விட்டுட்டேன், நிக்கலை. என்னது அது?"

"எது?"

"இதோ, இப்பக்கூட. உங்க தலைக்கு மேலதான்."

பைனாகுலரைத் தூக்கினேன். கிளை நுனியில் பொன்முடி. உச்சியில் மஞ்சள் கோடு. அலகு திறந்திருந்தது. தொண்டை துடித்தது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கலை.

"தெரியலை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பொய்.

ஏப்ரல் 29

காதைப் பரிசோதித்த பெண் நல்லவள். "பேச்சு நல்லாக் கேக்கும். ரொம்பக் கீச்சான சத்தம்தான் போயிருக்கு. மெஷின் வெச்சாலும் அது முழுசாத் திரும்பாது. பல வருஷமாக் குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கும். வீட்ல யாரும் சொல்லலையா?"

வீட்ல யாரு?

அடுப்பு மணி கெடவேயில்லை. பத்தொன்பது வருஷத்தில் எத்தனை வருஷம் நான் எழுதியது குருவிக் கணக்கு, எத்தனை வருஷம் என் காதுக் கணக்கு?

மே 1

மே தினம். பள்ளி முடித்தபோது வாங்கிய வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஊரே பூங்காவில் புல்மேல் உட்கார்ந்து சாப்பிட்டது. நான் பெஞ்சில், மே தினத்துக்கென்று வீட்டில் போட்ட எலுமிச்சைப் பானம், ஒரு பாட்டில் சிமாவோடு. இனிப்பு கொஞ்சம் தூக்கல்.

காது போனதைச் சொன்னால் சங்கத்தார் எண்ணிக்கைத் தாளை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வார்கள். நல்லவிதமாக, நன்றி சொல்லி. அதற்கப்புறம் காலையில் எதற்காகச் செருப்பு மாட்டுவேன்? யாரும் பார்க்கவில்லை. அழுதேன்.

மே 3

முதலில் ஓஸ்மோவிடம் சொன்னேன். இலையை வாரிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்தச் சக்கரம்தான் உங்க குருவியா? இத்தினியூண்டுக்கா நான் கொலைகாரன்?" சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிப்பு கேட்டேன். வாரியை மரத்தில் சாய்த்துவிட்டு, "என் காது சும்மாதானே கிடக்கு. எத்தனைன்னு வேணா சொல்றேன்" என்றார்.

பத்திரிகைக்கு எழுதினேன்: மரம் வெட்டியவர்மேல் தப்பில்லை. குருவி இருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை. சிர்பாவுக்கும் அதையே அனுப்பினேன்.

மே 6

பொன்முடி - 4. கேட்டவர்: ஓஸ்மோ.

சிர்பாவிடமிருந்து பதில் இல்லை.

மே 7

சிர்பா ஒரே வரி எழுதியிருக்கிறாள். "இந்த வசந்தம் முடியட்டும், அப்புறம் பேசலாம்."

மே 9, வெள்ளி

தூறல். ஏரியில் பனிக்கட்டி போய்விட்டது, அன்னங்களும் போய்விட்டன. ஓஸ்மோவும் நானும் மரத்தடியில் பத்து நிமிஷம் காது கொடுத்து நின்றோம்.

"ஒண்ணும் இல்லம்மா."

"எனக்கும் ஒண்ணும் கேக்கலை" என்றேன்.

பொன்முடி - 0. கேட்டவர்: இருவர்.