அக்கா வீட்டுச் சுவர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குவதாக நம்புகிறேன். மனசுதான் ஒரு நிலையில் இல்லை. நான் வரைந்ததைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன், நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய். போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்கிறாய். அதனால்தான் படங்களையே கடிதத்தோடு வைத்திருக்கிறேன், தயவுசெய்து கையில் எடுத்துப் பார்.

முழங்கால் வலியோடு சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று ஓவிய வகுப்பில் நீதானே சேர்த்துவிட்டாய். எங்கே போய் வரைவேன், ஜன்னலுக்கு எதிரே உன் அக்கா குடியிருக்கும் கட்டடத்தைத்தான் திரும்பத் திரும்ப வரைகிறேன். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் உயரத்தை அளந்து, மாடிக் கோடுகளெல்லாம் தூரத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும்படி போட வேண்டும். முன்பு சேர்ந்தன, மழைக்குப் பிறகு சேரவில்லை. வாத்தியார் பார்த்துவிட்டு "கை நடுங்குதும்மா" என்றார். சரி, கைதான் போலிருக்கிறது என்று ஒரு நூலில் சாவியைக் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டுப் பார்த்தேன். சுவரின் விளிம்பு நூலோடு ஒட்டி நிற்கவில்லை. அதற்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவே தெரியும் வெளிச்சம் முன்பெல்லாம் கீழும் மேலும் ஒரே அகலம், இப்போது மேலே போகப் போகக் குறுகுகிறது. அக்காவிடம் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை, "குளியலறைக் கதவு சாத்தவே மாட்டேங்குதும்மா, தச்சரைக் கூப்பிட்டு ரெண்டு தடவை இழைச்சாச்சு" என்றாள். கட்டடமே ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று அவளிடமே சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையோ "உங்க படத்தைப் பாத்து வீடு மாத்த முடியுமா அத்தை" என்கிறார். கட்டடப் பொறுப்பாளர் சுவரில் விழுந்திருந்த விரிசலில் சிமெண்டைப் பூசி வெள்ளையடித்துவிட்டார். அப்பா "உனக்கு ஏன் இந்த வம்பு" என்று பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொள்கிறார்.

நேற்று பொறுக்க முடியவில்லை. அக்கா மகளைப் பள்ளியிலிருந்து நானே கூட்டிவந்து, இனி அங்கே அனுப்ப மாட்டேன் என்று கதவைத் தாழிட்டுவிட்டேன். அக்கா வாசலில் நின்று, "உன்னால தினம் எங்களுக்குள்ள சண்டைம்மா, எங்களை நிம்மதியா விடு" என்று அழுதாள். பெற்றவள், எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருப்பேன், தாழைத் திறந்தேன். குழந்தை செருப்பைக்கூட மாட்டாமல் அவளிடம் ஓடிவிட்டாள்.

தம்பி, உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். மாப்பிள்ளை உன் பேச்சைத்தான் கேட்பார். கட்டட வேலை தெரிந்த ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொல், அதுவரை எல்லோரும் இங்கே வந்து இருக்கட்டும், நான் வாயே திறக்க மாட்டேன். என் கைதான் கோணல் என்று வந்து பார்த்தவர் சொல்லிவிட்டால் அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும், பென்சிலைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுகிறேன்.

எங்கிருந்தாலும் நோய்நொடியில்லாமல் நன்றாக இரு. கடிதம் கைக்கு வந்த அன்றே மாப்பிள்ளையிடம் பேசு, மறந்துவிடாதே. இதோ, அக்கா எதிரே துணி உலர்த்துகிறாள், இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தை மட்டும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்குக் கையாட்டுகிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா