சாலமோன் பெயருக்குக் கால்

12, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். ஒரு அசிங்கம்: ஸ்டிக்கரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "எழுத்து ஜோரா இருக்குது சார்" என்று ஓனரிடம் சொல்லிவிட்டேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்று சொல்லித்தான் இந்தக் கல்வெட்டுப் பட்டறையில் சேர்ந்தது. மூன்றாம் வகுப்போடு சரி.

வேலை: கம்ப்யூட்டர் வெட்டிய ஸ்டிக்கரைக் கல்லில் ஒட்டி, எழுத்தை மட்டும் ஊசியால் பிய்ப்பது. பிய்த்த இடத்தில் ஓனர் மணல் அடித்துக் குடைவார்.
கால் இல்லாத எழுத்து: சிக்கன் கடை, டயர் கடை. ஐந்து நிமிடம்.
கால் வைத்த எழுத்து: சர்ச், வக்கீல், டாக்டர், செத்தவர்கள். இடுப்பு போச்சு.
கம்ப்யூட்டர் பார்க்கும் ஸ்வேதா இதை ரோமன் என்கிறாள். ஒரு கோடு தடி, ஒரு கோடு மயிரிழை, அடியில் எறும்புக் கால். காலைப் பிய்க்க மறந்தால் கல்லில் எழுத்து நொண்டும்.

13, புதன்
எஸ்தர் அக்கா வந்தார். மைசூர் மைன்ஸ் பக்கம் அவர்கள் சர்ச்சில் புது முன்மண்டபம், ஞாயிறு திறப்பு. சனிக்கிழமைதோறும் ஜல்லி சுமந்து அதைக் கட்டியவர் அவர் வீட்டுக்காரர் சாலமோன். முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்லுக்கு ஸ்வேதா போட்டுக் காட்டிய இங்கிலீஷ் மாதிரியில் பாஸ்டர் பெயர் பெரிதாக, பின்னால் பட்டங்கள், ரயில் பெட்டி மாதிரி. சாலமோன் கடைசி வரி. அரிசி சைஸ்.

"இன்னா மல்லிகா, இத்த படிக்க பூதக்கண்ணாடி வெச்சுக் கட்டணுமா?"

"கால் இல்லாத எழுத்து போட்டா கொஞ்சம் தெரியும்க்கா."

"அது டயர் கடைக்கு. தங்கச் சுரங்கத்து ஷாஃப்ட் வாசல்ல வெள்ளக்காரன் வெச்ச கல்லு இருக்குதே, அந்த எழுத்துதான் வேணும். அதத் தாண்டிதான் எங்க வீட்டுக்காரரு டெய்லி ஷிஃப்ட்டுக்குப் போனாரு."

டீயைத் தொடாமல் போய்விட்டார்.

14, வியாழன்
உடைந்த கல்லில் அரிசி சைஸை அடித்துப் பார்த்தோம். ஒரு கால்கூட நிற்கவில்லை.

"சார், நல்ல கல்லு ஒண்ணுதான் கீது. இதே சைஸ்ல அடிச்சா கல்லும் போச்சு, உங்க மானமும் போச்சு" என்றேன்.

ஓனர் பாஸ்டருக்கு போன். "பட்டத்த எடுத்தாத்தான் கீழ இடம் கிடைக்கும் பாஸ்டர், எழுத்து நிக்கும்." பட்டங்கள் போயின. சாலமோன் கட்டைவிரல் உயரம் ஆனார்.

ஸ்வேதா: "ஆன்ட்டி, நீங்க ஏதோ கேம் ஆடறீங்க."

"நான் மூணாங்கிளாஸ்மா. எனக்கு இன்னா தெரியும்?"

15, வெள்ளி
மழை. கழுத்து வலி. நாள் முழுக்க சாலமோன். நல்லவேளை, அவர் பெயரில் மூன்று உருண்டை. உருண்டைக்குக் கால் கிடையாது. மற்றதெல்லாம் ஒவ்வொரு காலாக. கண்ணில் தண்ணீர். ஓனர் மணல் அடித்ததும் தங்க பெயின்ட் பூசி, எண்ணிப் பார்த்தேன். எல்லாக் காலும் இருந்தது. மறுபடி எண்ணினேன்.

17, ஞாயிறு
வெயில். ஸ்வேதாவும் நானும் போனோம். ஜெபம், பாட்டு, திரை விலக்கல். கல் ஆடக் கூடாது என்று மேஸ்திரி நேற்றே அடியில் சிமென்ட்டை ஏற்றிப் பூசியிருக்கிறார். கடைசி வரியில் சாலமோன் முழங்கால் வரை சிமென்ட்டுக்குள்ளே. எஸ்தர் அக்கா குனிந்து பார்த்தார். "ஸ்ட்ராங்கா நிக்கும்க்கா" என்றார் மேஸ்திரி. பிறகு எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள்.