அம்மாவுக்கு எடுத்த நடு சீட்டு

சேசு மரி சூசை

திண்டிவனம்
7.8.2016, ஞாயிறு

அன்பு மகன் ஆண்டோவுக்கு அப்பா எழுதுவது. மாதா கிருபையில் இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அங்கே டொராண்டோவில் நீயும் வெனிலாவும் பேரன் ஜெஸ்வினும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டு வந்துதான் பேனாவை எடுத்தேன். வெனிலாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, மாடிப்படி ஏறி இறங்கவிடாதே, துணி துவைக்கும் மெஷின் கீழ்த்தளத்தில் இருக்கிறது என்று அம்மா சொன்னாள், அந்த வேலையை நீ பார். நேற்று கோயிலில் கொடி ஏறியது, பதினைந்தாம் தேதி தேர். உன் தங்கை பிரியாவுக்கு வல்லம் ஸ்கூலுக்கு மாற்றல் போட்டுவிட்டார்கள், விழுப்புரத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறாள், மாப்பிள்ளை முணுமுணுக்கிறார். நல்ல செய்தி கெட்ட செய்தி எல்லாம் இவ்வளவுதான். இதற்குமேல் எழுதப்போவது கோபத்தில் எழுதுவது. போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ சரிப்பா சரிப்பா என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ பார்ப்பாய், பாதியில் ஆபீஸ் கால் வருகிறது என்பாய், இந்தப் பக்கம் அம்மா நின்றுகொண்டு பேசாதே என்று ஜாடை காட்டுவாள். கடிதத்தில் யாரும் எனக்குக் குறுக்கே பேச முடியாது.

போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தது ஞாபகம் இருக்கும். பிரசவத்துக்கு அம்மாவை செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி அனுப்பி வையுங்கள் என்றாய். பிறகு, "பிரீமியம் எகானமின்னு ஒண்ணு இருக்குதுப்பா, சீட்டு கொஞ்சம் அகலம், காலு நீட்டிக்கலாம், போக வர தொண்ணூறாயிரம் கூட ஆவுது, அம்மாவுக்கு அது ஒர்த்தா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் என்ன சொன்னேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். எந்த சீட்டில் உட்கார்ந்தாலும் வண்டி ஒரே நேரத்தில்தான் போய்ச் சேரும், அதற்கு எதற்குத் தொண்ணூறாயிரம் என்றேன். நீ சிரித்தாய். அம்மாவும் சிரித்து, "எனக்கு எதுக்குப்பா அதெல்லாம், நான் தூங்கிக்கினே வந்துடுவேன்" என்றாள். அன்று சாயங்காலமே டிக்கெட் எடுத்து மெயில் அனுப்பிவிட்டாய். பிரவுசிங் சென்டரில் அதை பிரிண்ட் எடுத்துவந்து அலமாரியில் வைத்தேன். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவன் நான், சீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு எனக்கு. டிரைவர் சீட்டைத் தவிர வேறு சீட்டில் நான் எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

பதினைந்து நாள் கழித்து பெரம்பூரில் என் சித்தப்பா மகன் வீட்டுக் கல்யாணம். நானும் அம்மாவும் திண்டிவனத்தில் பஸ் ஏறினோம். மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஜன்னல் பக்கம் ஒருவர் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தார், அம்மா நடுவில், நான் ஓரத்தில். அச்சிறுபாக்கம் தாண்டும்போதே அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்றாள். ஆபரேஷன் செய்து புதுசாக மாற்றிய முழங்கால் மூட்டு முன்சீட்டுக் கம்பியில் இடித்துக்கொண்டே வருகிறது, மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் இடம் இல்லை. மதுராந்தகத்தில் எழுந்து நின்றுவிட்டாள். "காலு மரத்துக்கினு இருக்குதுங்க, கொஞ்சம் நின்னா சரியாப் பூடும், நீங்க உக்காருங்க" என்றாள். சரியாகவில்லை. சுங்கச்சாவடியில் வண்டி நாற்பது நிமிஷம் நின்றது, அப்போதும் நின்றாள். ஓர் அம்மாள் இரக்கப்பட்டு முன்னால் இருந்த தனி சீட்டைக் கொடுத்தாள், அதில் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் மறுபடி எழுந்துவிட்டாள். தாம்பரம் வரைக்கும் அறுபத்திரண்டு வயது மனுஷி கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள், நானும் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தேன். இது கோயம்பேடு வரைக்கும் மூன்று மணி நேரம். நீ எடுத்திருக்கிற டிக்கெட்டில் முதல் பிளேன் மட்டும் பத்து மணி நேரம், பிராங்க்பர்ட்டில் இறங்கி மாறி மறுபடி எட்டரை மணி நேரம்.

கல்யாணத்தில் சாப்பிட்டதும் கிளம்பிவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் அந்த பிரிண்டை எடுத்துப் பார்த்தேன். சீட் நம்பர் 38E என்று இருந்தது. ABC ஒரு பக்கம், DEFG நடுவில், HJK மறுபக்கம் என்று பிரியா போனில் பார்த்துச் சொன்னாள். நான் பேப்பரில் கட்டம் போட்டுப் பார்த்தேன். நடு வரிசையில் நடுவில் இருக்கிற சீட்டு. காசு போட்டு ஓரத்து சீட்டையாவது எடுத்திருக்கலாமே, அதைக்கூடப் பார்க்கவில்லையா நீ? ஆபரேஷன் செய்த பாண்டிச்சேரி டாக்டர் உன்னிடமும்தானே போனில் சொன்னார், ஒரு மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கி உட்காரக்கூடாது, எழுந்து நாலு அடி நடக்க வேண்டும் என்று. நடு சீட்டிலிருந்து எழுந்து நடக்க வேண்டுமானால் பக்கத்தில் தூங்குகிற வெள்ளைக்காரனை எழுப்ப வேண்டும். உன் அம்மா எழுப்புவாளா? தெரியாதவர் ஒருவரைத் தூக்கத்தில் எழுப்பி வழி கேட்கிற மனுஷியா அவள்? பதினெட்டரை மணி நேரமும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் பிரியா வாய் தவறி இன்னொன்றைச் சொன்னாள். 2013-ல் ஜெஸ்வின் பிறந்ததற்கு அம்மா தனியாக வந்தாளே, அந்தப் பயணம் முழுக்க அவள் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். குடித்தால் பாத்ரூம் போக வேண்டிவரும், போக வேண்டுமானால் பக்கத்து ஆளை எழுப்ப வேண்டும் என்று. பிராங்க்பர்ட்டிலேயே கால் வீங்கி செருப்பு நுழையவில்லை. டொராண்டோவில் செருப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு இறங்கி வந்திருக்கிறாள். "அப்பாகிட்ட சொல்லாத, பேஜாரு பண்ணுவாரு" என்று பிரியாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், மூன்று வருஷமாக எனக்குத் தெரியாது. உனக்காவது தெரிந்திருக்க வேண்டும் ஆண்டோ. ஏர்போர்ட்டில் நீதானே கூப்பிடப் போனாய். அம்மாவைக் கட்டிப்பிடித்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாய், நாங்கள் அதைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறோம். போய்ப் பார்த்தேன், இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள், படம் இடுப்போடு நின்றுவிட்டது. வீடு போய்ச் சேரும்வரை அவள் காலை நீ பார்க்கவே இல்லையா?

அடுத்ததுதான் என்னால் பொறுக்க முடியாதது. அந்த பிரீமியம் எகானமி என்றால் என்னதான் இருக்கும், கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று பிரியாவைக் கேட்டேன். நீ எங்களிடம் ஒர்த்தா என்று கேட்ட விஷயம் தெரியாமல் அவள், "அண்ணன் ஜனவரியில அதுலதானப்பா வந்துது, நல்லா இருக்குதுன்னு சொல்லுச்சே" என்றாள். ஆபீஸ் அனுப்பியதா என்று கேட்டேன். "இல்லப்பா, சிநேகிதன் கல்யாணத்துக்குத்தான வந்துது, இடுப்பு வலிக்குதுன்னு சொந்தமா போட்டுக்கினு வந்துது" என்றாள். பிளேனில் கொடுத்தார்கள் என்று நீ அம்மாவிடம் ஒரு சின்ன ஜிப் பை கொடுத்துவிட்டுப் போனாயே, உள்ளே சாக்ஸ், கண்ணுக்குக் கட்டுகிற துணி எல்லாம் இருந்தது. அம்மா அதில்தான் ஜெபமாலை வைத்திருக்கிறாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் அதுவரை படித்ததில்லை. எடுத்துப் படித்தேன், அந்த வகுப்பின் பேர்தான் போட்டிருந்தது.

உனக்கு முப்பத்துநாலு வயது. உன் இடுப்பு வலிக்கு அந்த சீட்டு வேண்டும் என்று உனக்கே தெரிந்திருக்கிறது. அப்போது யாருக்காவது போன் போட்டு எனக்கு இது ஒர்த்தா என்று கேட்டாயா? கேட்கவில்லை. வலித்தது, எடுத்தாய், வந்தாய். நான் அதைத் தப்பு சொல்லவில்லை, உழைக்கிறாய், உட்கார்ந்து வா. ஆபரேஷனுக்கு நீதான் பணம் கட்டினாய், அதையும் மறக்கவில்லை, உன்னைக் கைச்சுருக்கம் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் மூட்டு மாற்றின அம்மாவுக்கு என்று வரும்போது மட்டும் அவள் காதுபட எங்களைக் கேட்கிறாயே, அது என்ன கேள்வி? வேண்டும் என்று அவள் வாயால் சொல்லுவாள் என்று நினைத்தாயா? வேண்டாம் என்ற பதில் வரும் என்று தெரிந்துதான் கேட்டாய். நானும் உனக்கு ஒத்து ஊதினேன். அந்த இடத்தில் உன்னைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம். அவளோடு நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணுகிறவன், பஸ்ஸில் பக்கத்தில் மூன்று மணி நேரம் வந்த பிறகுதான் அவள் காலைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

அதனால் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். போன வியாழக்கிழமை விழுப்புரம் போய், பிரியாவை விட்டு பிளேன் கம்பெனிக்கு போன் பேசச் சொன்னேன். முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டார்கள், பிறகு ஒரு பெண் பேசினாள். இந்த டிக்கெட்டிலேயே போகிற பயணத்தை மட்டும் மாற்றலாம், வித்தியாசம் கட்டினால் போதும் என்றாள். மாப்பிள்ளை கார்டில் கட்டினோம், நான் போஸ்ட் ஆபீசில் இருந்ததை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். இரண்டு பிளேனிலும் முன்னால் ஓரத்து சீட்டு. வீல்சேருக்கும் எழுதிக்கொண்டார்கள். உனக்கும் மெயில் வந்திருக்கும். பார்க்காமல் விட்டாயா, பார்த்துவிட்டு என்ன சொல்வது என்று தெரியாமல் இருக்கிறாயா, எனக்குத் தெரியாது. அந்தப் பணத்தை எனக்கு அனுப்பாதே. அனுப்பினால் அப்படியே திரும்பி வரும்.

அம்மாவுக்குச் சொன்னதும் வீடு இரண்டாகிவிட்டது. "காலு நீட்டிக்கினு போறதுக்கு இம்மாம் பணமா, உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா" என்று ஆரம்பித்தவள், உன்னையும் என்னையும் சேர்த்துத் திட்டினாள். இரண்டு நாள் பேசவில்லை, தட்டை வைக்கிற சத்தத்தில்தான் சாப்பாடு தயார் என்று தெரிந்துகொண்டேன். நேற்று கொடியேற்றம் முடிந்து வரும்போது நான் கேட்டேன், செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு போனாயாமே என்று. நடு ரோட்டில் அப்படியே நின்றாள். பிரியாவைத்தான் முதலில் திட்டினாள். அப்புறம், "சொன்னா நீங்க என்னா பண்ணியிருப்பீங்க, சும்மா கவலைதான பட்டுக்கினு இருப்பீங்க" என்றாள். ராத்திரி சாப்பாட்டுக்கு அவளே கூப்பிட்டாள். இன்று காலையிலிருந்து பேத்தியோ பேரனோ பிறந்தால் போட என்று பழைய காட்டன் சேலைகளைக் கிழித்துத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இனி நீ செய்ய வேண்டியது. செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி ஏர்போர்ட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நில். வெளியே வந்ததும் முதலில் அவள் காலைப் பார், போட்டோ அப்புறம் எடுக்கலாம். உங்கள் வீட்டில் அவளுக்கு மாடி ரூம் கொடுக்காதே. குழந்தையைக் குளிப்பாட்ட உயரமாக ஒரு ஸ்டூல் வாங்கி வை, கீழே உட்கார்ந்து காலில் போட்டுக் குளிப்பாட்ட அவளால் இனி முடியாது, முடியும் என்று சொல்லுவாள், கேட்காதே. ஜெஸ்வினுக்குத் தமிழில் பேசு, பாட்டியிடம் அவன் வாய் திறக்காமல் இருந்தால் அதுவும் அவளுக்கு வலிதான். வெனிலாவுக்கு மல்லாட்டை உருண்டை வேண்டும் என்றாளாம், அம்மா வேர்க்கடலை வறுத்துச் செய்து எடுத்துவருவாள். நீ பனியில் காரை வேகமாக ஓட்டாதே, உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான், உன் கால் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

உன்னையும் வெனிலாவையும் ஜெஸ்வினையும் வயிற்றில் இருக்கிற குழந்தையையும் ஆண்டவர் தன் கையில் வைத்துக் காக்கட்டும், சுகப் பிரசவம் ஆகட்டும். கோபமாக எழுதிவிட்டேன் என்பதற்காக என் ஆசீர்வாதம் குறையாது. கடைசியாக ஒன்று. மார்ச்சில் அம்மா திரும்பி வருகிற டிக்கெட் இன்னும் அந்த நடு சீட்டில்தான் இருக்கிறது. அதை நான் தொடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். ஆறு மாதம் உன் வீட்டில் உழைத்துவிட்டு வருகிற கால் அது. நீயே முடிவு செய். அவளைக் கேட்காதே, என்னையும் கேட்காதே.

இப்படிக்கு
உன் அப்பா
சூ. இருதயநாதன்