சுவர்ப் பக்கம் திரும்புதல்

ஜூன் 13, சனி

காலையிலிருந்து மேல்காற்று. மொட்டைமாடியில் காயவைத்த ஆட்டக் கட்டைகளின் வார்னிஷில் மண் ஒட்டிவிட்டது. மறுபடி தேய்க்க வேண்டும்.

நாளை மதுரையிலிருந்து பலகை விளையாட்டுக் குழுவினர் இருவர் வருகிறார்கள். நான் உருவாக்கிய 'மலைக்கோட்டை முற்றுகை' ஆடப்படுவதைப் பார்க்க. பிடித்தால் கோவையில் நடக்கும் பெரிய சந்திப்புக்கு எடுத்துப்போவார்கள்.

எதை எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்டால் சொல்ல:

ஆடு புலி ஆட்டம். இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டியதில்லை. கோட்டைக்குள் ஆள் குறைவு, வெளியே ஏராளம்.

சதுரங்கம். எடுத்தது ஒன்றுமில்லை. அதில் எல்லாம் கண்முன் நிற்கிறது.

இந்தக் குழு முன்பு இரவல் தந்த வெளிநாட்டு ஆட்டம். அதிலிருந்துதான் நிற்கும் கட்டைகள். படம் ஒட்டிய முகம் ஆடுபவன் பக்கம், எதிராளிக்கு வெறும் முதுகு. எது பீரங்கி, எது காலாள் என்று அவனுக்குத் தெரியாது. என் ஆட்டத்துக்கு உயிரே இதுதான்.

வாங்க: பால், சாகுலுக்குச் சர்க்கரை இல்லாத பிஸ்கட்.

ஜூன் 14, ஞாயிறு

என் எதிரே ஆடியவன் சாகுல். நான் நிருபராக ஓடிய இடமெல்லாம் கேமராவோடு ஓடியவன். இப்போது வலது கையில் நடுக்கம். கட்டை அடிக்கடி தவறி விழும். அதற்கென்று எங்களுக்குள் ஒரு பழக்கம். விழுந்தால் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். எடுத்து நிறுத்திவிட்டு "ம்" என்பான். பிறகுதான் திரும்புவேன்.

இன்று முற்றுகைப் படை அவனுடையது, கோட்டை என்னுடையது. நெருக்கிவிட்டான். கோட்டை இவ்வளவு சீக்கிரம் விழுந்தால் ஆட்டத்தில் சமநிலை இல்லை என்று மதுரைக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தப் பயம்.

மேற்குச் சரிவில் அவன் வைக்கப்போன கட்டை விழுந்து என் பக்கம் உருண்டது. மதுரைக்காரர்கள் டீ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பவில்லை. எடுத்து, "இந்தா" என்று அவன் கையில் கொடுத்தேன். பீரங்கி.

கிழக்கிலிருந்த ஆட்களை மேற்குக்கு மாற்றினேன். ஜெயித்தேன்.

வந்தவர்களில் மூத்தவர் பிரவீன். "சார், பீரங்கி மேற்கதான் வரும்னு எப்படி சார் கணிச்சீங்க?"

"அனுபவம்" என்றேன்.

சாகுல் டீ கிளாசைக் கீழே வைத்தான். "ஆமா தம்பி. சாருக்கு மோப்பம் ஜாஸ்தி."

போகும்போது வழக்கமாகச் சொல்லும் "வாரேன் மாப்ள" இல்லை.

கோவைக்கு எடுத்துக்கொள்கிறார்களாம்.

ஜூன் 16, செவ்வாய்

எங்கள் ஆட்ட நாள். சாகுல் வரவில்லை. போன் செய்தேன். அவன் மகள் எடுத்தாள். "அத்தா தூங்குறாங்க மாமா." பின்னால் டிவியில் கிரிக்கெட். அவுட்டானவனைச் சாகுல் திட்டும் குரல்.

வசந்தா: "உங்க கூட்டாளி வரலையா? சண்டையா?"

"சண்டை ஒண்ணும் இல்ல."

"அப்ப நீங்கதான் என்னமோ பண்ணிருக்கீங்க."

என் மனைவிக்கு நிருபர் வேலை கொடுத்திருக்கலாம்.

பொய் சொன்னதைவிட இன்னொன்று அறுக்கிறது. கட்டை விழுந்தது அவன் கை நடுங்கியதால். அந்த நடுக்கத்தை எனக்கு லாபமாக்கிக்கொண்டேன்.

ஜூன் 17, புதன்

பிரவீனுக்கு வாட்ஸப்பில் திருத்தம் எழுதினேன். 'ஞாயிறு ஆட்டத்தில் ஒரு கட்டையின் முகம் தெரிந்துவிட்டதால் முடிவைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.' பத்திரிகையில் உள்பக்க மூலையில் போடுகிற தினுசு.

வசந்தாவிடம் காட்டினேன். "யாரு பாத்தான்னு போடலையே. அடுத்தவன் எழுதுனா இதை விடுவீங்களா?"

அழித்தேன். 'சாகுலின் பீரங்கியை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஆடினேன். அனுபவம் என்று சொன்னது பொய். கோவைக்கு வேண்டாம்.' அனுப்பிவிட்டேன். கோவை போகிறது என்று டீக்கடை வரை சொல்லி வைத்திருக்கிறேன். இனி அவர்களுக்கும் ஒரு திருத்தம்.

மாலை பதில். 'இதுக்கா சார் ஃபீல் பண்றீங்க? செம ஐடியா சார் இது. ஒற்றன்னு ஒரு விதி சேத்துருங்க. கண்டிப்பா கோவை போறோம்.'

அவர் திட்டியிருக்கலாம்.

ஜூன் 20, சனி

பலகையையும் கட்டைகளையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பேகம்பூர், சாகுல் வீடு. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் இருந்தது.

போனை நீட்டினேன். எட்டப் பிடித்துப் படித்தான், பிரவீன் பதிலையும்.

"ஒற்றன் விதியா. நல்லாத்தான் இருக்கு. சிக்குன ஒற்றனை என்ன செய்யணும்? அதையும் போடு."

"நீயே சொல்லு."

"கட்டை விழுந்ததும் உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். திரும்பிருவேன்னு நெனச்சேன் மாப்ள."

மஞ்சப்பையின் முடிச்சை அவிழ்த்தேன்.

"சரி, பலகைய விரி. அன்னிக்குப் பீரங்கி இருந்த எடம் ஒனக்குத்தான் தெரியுமே, புதுசா அடுக்குறேன். திரும்பு."

திரும்பினேன். சுவரில் காலண்டர், கீழே சுவிட்ச் போர்டு. பின்னால் ஒரு கட்டை விழுந்தது. இன்னொன்று. உதவட்டுமா என்று வாய்வரை வந்தது, விழுங்கினேன். உள்ளே மிக்ஸி ஓடி நின்றது. மறுபடி ஒரு கட்டை.

வெகுநேரம் கழித்து "ம்" என்றான். அதற்குப் பிறகும் செத்த நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.