சத்தம் வருதா மாப்ள

மாப்ள,

நீ முன்பு செய்து வைத்த பழைய கம்ப்யூட்டர் டெம்ப்ளேட்டிலிருந்து இன்று காலை ஒரு மெஷினை இறக்கினேன். எழுந்திருக்காமல் நீலத் திரையில் நின்றது. மறுபடி இறக்கினேன். மறுபடியும் நீலம். நீ இருந்திருந்தால் "என்னடா, கடலுக்குள்ள போயிட்டியா?" என்று கேட்டிருப்பாய். மணமேல்குடிக்காரனுக்கு எதைப் பார்த்தாலும் கடல்தான். உன் நாற்காலியில் யாரோ கூரியர் பெட்டியை வைத்திருந்தார்கள். எடுத்துத் தரையில் போட்டேன்.

நம் ஆபீஸ் ஓனர் அண்ணன், கம்ப்யூட்டர்களை வாடகைக்கு விடும் நம் கிளவுடை வேறு தளத்துக்கு மாற்றிவிட்டார். பழைய டெம்ப்ளேட்டுகளை எல்லாம் இன்று சாயங்காலத்துக்குள் அழிக்கச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நீ செய்த அந்த ஒன்றுக்குள் உன் குரல் இருக்கிறது. வேறு எங்கேயும் இல்லை. உன் போன், அன்றைக்கு மழையில் லாரிக்கு அடியில் உன்னோடு போய்விட்டது. சொந்தக்காரர்களின் கல்யாண வீடியோ எல்லாவற்றிலும் நீ சாம்பார் வாளியோடு ஓடுகிறாய், உன் பேச்சுக்கு மேலே நாதஸ்வரம் ஓடுகிறது. உன் ஆத்தா என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். "மொகம் போட்டோவுல இருக்குய்யா. கொரலுதான் மறந்துரும் போல இருக்கு. எதுலயாச்சும் பேசியிருக்கானா?"

பேசியிருக்கிறாய். உன் முட்டாள்தனத்தால்தான் பேசியிருக்கிறாய்.

கோச்சிங் சென்டர் பிள்ளைகளின் மெஷின்களுக்காக நாம் டெம்ப்ளேட் தயார் செய்த நாள் ஞாபகம் இருக்கிறதா? இட்லித் தட்டுக் குழி போலத்தான் அதுவும். ஒன்றைச் சரியாகச் செய்து மூடிவிட்டால், அதிலிருந்து எத்தனை மெஷின் வேண்டுமானாலும் அச்சாக இறங்கும். சத்தத்தை வரவைக்கும் சவுண்ட் டிரைவர் புரோகிராம் மட்டும் படுத்தி எடுத்தது. சத்தம் வருகிறதா என்று சோதிக்க ஒரு மணியோசை போதும். நீ என்னிடமிருந்து ஹெட்செட்டை வாங்கி, உன் குரலையே பதிந்து, மெஷின் திறந்ததும் பேசும்படி வைத்தாய். "சத்தம் வருதா மாப்ள? வரலைன்னா சொல்லு, கத்துறேன்." அதை எடுக்காமல் அப்படியே டெம்ப்ளேட்டை மூடியும் விட்டாய்.

மறுநாள் சென்டரில் பிள்ளைகள் உள்ளே நுழைந்ததும் வகுப்பு முழுக்க எல்லா மெஷினும் சேர்ந்து கத்தியிருக்கிறது. மாஸ்டர் போன் போட்டு, "யாருய்யா அந்த மாப்ள?" என்று கேட்டார். ஓனர் அண்ணன் படியேறி வந்தார்.

"ஏன்டா, சத்தம் வருதான்னு ஊரையே கேக்குறியா?"

"எல்லாருக்கும் வந்துச்சுல்லண்ணே? அப்ப டிரைவர் சரியா இருக்குண்ணே."

அவராலும் திட்ட முடியவில்லை. குரல் இல்லாத புது டெம்ப்ளேட் ஒன்றைச் செய்து கொடுத்தோம். பழையதை அழிக்க நம் இரண்டு பேருக்கும் சோம்பேறித்தனம். காலேஜையே பாதியில் விட்டவர்களுக்கு இதை முடிக்கவா தோன்றும்?

அந்தப் பழையதுதான் இன்று எழுந்திருக்க மாட்டேன் என்றது. புதுத் தளம் டிஸ்க்கைக் காட்டும் விதமே வேறு. அதற்கான டிரைவர் உன் டெம்ப்ளேட்டில் இல்லை. தன் டிஸ்க்கே கண்ணில் படாத மெஷின் எப்படி எழுந்திருக்கும்? செட்டிங்கை மாற்றினேன். ரிப்பேர் போட்டேன். கீபோர்டைக் குத்தினேன். சாப்பாட்டு நேரம் போனது. ஓனர் அண்ணன் எட்டிப் பார்த்து, "இன்னுமா அழிக்கல?" என்றார். "அழிச்சிருவேண்ணே, விடுங்க" என்று கத்திவிட்டேன். அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

நான் இப்படி ஒரே இடத்தில் முட்டும்போதெல்லாம் நீ சொல்வாய்: "ஓடாத வண்டிய ஏன்டா ஒதைச்சுக்கிட்டே இருக்க? பெட்ரோல உறிஞ்சி ஓடுற வண்டியில ஊத்து." அதைத்தான் செய்தேன். உன் மெஷினை எழுப்பும் எண்ணத்தை விட்டேன். அதன் டிஸ்க்கை மட்டும் கழற்றி, நன்றாக ஓடும் வேறொரு மெஷினில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டினேன். உடனே திறந்துகொண்டது. "சும்மா" என்று ஒரு ஃபோல்டர். உள்ளே நீ.

போட்டுக் கேட்கவில்லை. தைரியம் இல்லை. என் போனில் ஏற்றிக்கொண்டு டெம்ப்ளேட்டை அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று திரை கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அப்புறம்தான் அழுத்தினேன்.

உன் வீட்டுக்கு பஸ் ஏறினேன். உன்னை மாப்ள என்று கூப்பிட்டதால் உன் ஆத்தா எனக்கு அத்தை. ஸ்பீக்கரில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போனை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"வருதுய்யா," என்றார் உன்னிடம். "நல்லா வருது. கத்தாத."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை இன்னொரு தரம் போடச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பின்னாடி ஒருத்தன் கெக்கெக்கேன்னு சிரிக்கிறானே, அது யாரு?"

"நாந்தான் அத்தை."

"நீயா?" என்று என் முகத்தையே பார்த்தார். "இப்புடியாய்யா சிரிப்ப?"

அவருடைய பட்டன் போனில் அதை ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஒரே ஒருமுறை கேட்டேன். நீ பேசி முடித்த பிறகும் என் சத்தம் ஓயவில்லை. மூச்சு முட்டச் சிரித்திருக்கிறேன்.

உன் குரலை எடுக்கத்தான் போனேன் மாப்ள. என் சிரிப்பும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.