பெரியகுளம் வரை ஓடி வந்தேன், மதினி

என் பிரியமான மதினிக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷமும் நான்கு மாதமும் ஆகிறது. இத்தனை நாள் கழித்து எழுதுகிறாளே என்று கோபிக்க வேண்டாம். சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை, இப்போது நடந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை தேனியிலிருந்து உங்கள் பிறந்த ஊரான பெரியகுளம் வரை பதினாறு கிலோமீட்டர் ஓடினேன். சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள்.

இந்தப் பைத்தியத்தை ஆரம்பித்து வைத்தவரே நீங்கள்தான். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில், தினமும் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் நடப்பீர்கள். ஒரு நாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, “சரோசா, அந்தப் புளியமரம் வரைக்கும் ஓடிப் பாப்பமா?” என்றீர்கள். மரத்தைத் தொடுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. உங்களுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. அப்படிப்பட்ட உடம்பை ஒரு மஞ்சள்காமாலை எப்படி மதினி தின்றது?

நாட்டு மருந்துக்கென்று பெரியகுளத்தில் உங்கள் அம்மா வீட்டுக்குப் போனீர்கள், அங்கேயே முடிந்துவிட்டது. உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது பெண்களையெல்லாம் தெரு முக்கோடு நிறுத்திவிட்டார்கள். “பொம்பளைக இதுக்கு மேல வரக் கூடாதுத்தா, திரும்புங்க” என்று ஒரு பெரியவர் கையை நீட்டி மறித்தார். வழக்கம்தான், எனக்கும் தெரியும். ஆனாலும் தினமும் என்னோடு நடந்தவருடைய கடைசிப் பயணத்தில் கூட நடக்க விடவில்லையே என்ற ஆத்திரம் ஆறவே இல்லை. சுடுகாடு தேனி ரோட்டோரத்தில்தான் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது அந்த இடம் வரும் முன்பே கண்ணை மூடிக்கொள்வேன். எப்படியாவது என் காலாலேயே அங்கே போய்ச் சேர வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. அதனால்தான் ஓட ஆரம்பித்தேன்.

முதலில் தேனியில் பெண்களுக்கென்று ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் வைத்தார்கள். கான்வாஸ் ஷூ வாங்கி, அண்ணனின் பழைய பேண்ட்டை இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டு போய் நின்றேன். மில் ஆபீஸில் டைப் அடிக்கிற பெண்ணா இது என்று ஊரே பார்த்தது. பாதி தூரத்தில் அம்மன் கோயில் வந்தது. காலில் ஷூவோடு ஆத்தா சன்னதியைக் கடக்கலாமா? நட்டநடு ரோட்டில் சட்டென்று நின்று, குனிந்து, ஷூ கயிற்றை அவிழ்த்தேன். பின்னால் வந்த பெண் என் மேல் மோதி அந்தப் பக்கம் போய் விழுந்தாள். முழங்கால் இரண்டும் சிராய்த்து ரத்தம்.

“என்னக்கா, லாரிக்காரன்கூடக் கையக் காட்டிட்டு நிப்பான். நீங்க பாட்டுக்கு நிக்கிறீக!” என்று கத்தினாள். ரெஜினா என்று பெயர், கடைவீதிப் பாத்திரக்கடைக்காரர் மகள், கல்லூரியில் படிக்கிறாள். மறுநாள் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

“சாமி கும்புடணும்னா பின்னால பாத்து, கையத் தூக்கிட்டு, ஓரமா ஒதுங்குங்க. எங்க சர்ச்சும்தான் வந்துச்சு, நான் நடு ரோட்டுல முட்டி போட்டேனா?” என்றாள்.

எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அன்றிலிருந்து அவள் என் கூட்டாளி. மெதுவாக ஓடுகிறவர்கள் பின்வரிசையில் நிற்க வேண்டும், முந்தும்போது குரல் கொடுக்க வேண்டும், பேசிக்கொண்டே ரோட்டை அடைத்து ஓடக் கூடாது, பக்கம் பார்க்காமல் துப்பக் கூடாது. எல்லாம் அவளிடம் ஏச்சு வாங்கி வாங்கித் தெரிந்துகொண்டது.

உடனே பெரியகுளம் வரை நடக்கிற பதினாறு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் போக நான் பறந்தேன். அவள் விடவில்லை. வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர்தான் கூட்டினோம். ஒன்பதில் ஒரு மாதம் மாட்டிக்கொண்டேன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். ஆனாலும் விடவில்லை.

அண்ணன்தான் குறுக்கே நின்றார். “அஞ்சு ஓடுனது போதும்த்தா. அந்த ரோட்டுல நீ ஓட வேணாம்.” ஆம்பளைகள் ஓடுகிற ஓட்டம் என்பதால் தடுக்கிறார் என்று நினைத்து, “எவன் என்ன சொன்னாலும் ஓடுவேன்” என்று கத்திவிட்டேன். உங்களுக்குப் பிறகு அவர் உங்கள் பெயரைக்கூட எடுப்பதில்லை, மதினி.

ஞாயிறு காலை, அத்தனை ஆண்களுக்கு நடுவில் நாங்கள் இரண்டே பெண்கள். கடைசி வரிசையில் நின்றோம். லட்சுமிபுரம் வரை கால் சொன்னபடி கேட்டது. அதற்குப் பிறகு ரெஜினாவை முன்னால் போகச் சொல்லிவிட்டேன். மாந்தோப்புகள் வந்தபோது நின்றுவிடு, நின்றுவிடு என்று உடம்பெல்லாம் கெஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். சுடுகாடு வந்தது. ஒரு மதில், ஒரு வேப்பமரம், ஒரு தகரக் கொட்டகை. உங்களை எங்கே வைத்தார்கள் என்று யாரைக் கேட்பது? பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அழுதுகொண்டே ஓடி முடித்தேன்.

முடிகிற இடத்தில் அண்ணன் சைக்கிளோடு நின்றிருந்தார். வருவதாகச் சொல்லவே இல்லை. பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நடக்க முடியுமாத்தா?” என்று மட்டும் கேட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த வழியே கூட்டிப் போனார். சுடுகாட்டு வாசலில் தயங்கினேன்.

“நான் இருக்கேன், வா. அன்னைக்கு ஒன்னய மறிச்சாக, நான் வாயத் தொறக்காம நின்னேன். இந்த ரோட்டப் பாத்தாலே அதுதான் நெஞ்ச அறுக்குது” என்றார்.

வேப்பமரத்துக்குக் கிழக்கே நான்கு எட்டு வைத்து, குனிந்து மண்ணைத் தொட்டார். “இங்கனதான் வச்சாக, ஒன் மதினிய.” சொல்லிவிட்டு அழுதார். உங்கள் சாவன்றுகூட அண்ணன் அழுது நான் பார்க்கவில்லை. இரண்டு பேரும் வெயில் ஏறும் வரை உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

தேனியிலிருந்து கம்பம் நாற்பது கிலோமீட்டர். அதையும் ஓடப் போகிறேன். அண்ணன் தண்ணீரோடு சைக்கிளில் கூட வருகிறாராம். ஓடுகிறவர்களுக்கு நடுவில் சைக்கிள் வரக் கூடாது, எல்லோருக்கும் பின்னால்தான் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர்தான் கூட்டுவேன், மதினி. எத்தனை வருஷம் ஆனாலும் கம்பத்தைத் தொடுவேன். தொட்ட மறுநாளே பெரியகுளம் வந்து, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வாயால் சொல்லுவேன்.

உங்களிடம் எப்போதும் ஓட்டத்தில் தோற்ற நாத்தனார்,
சரோஜா