ஸ்பாஞ்ச் இல்லாத பக்கம்

கோவில்பட்டி,
புதன்கிழமை.

சென்னைப் பட்டணத்தையே தன் டேபிள் டென்னிஸ் பேட்டால் கட்டி ஆளப்போகும் மருமகள் இந்துஜாவுக்கு, தென்பாண்டிச் சீமையின் பஞ்சர் சக்கரவர்த்தி மணிராஜ் மாமா எழுதிக்கொள்வது. இங்கு நானும், எப்போதும்வென்றான் ஊரில் உங்கம்மா வெள்ளைத்தாயும் ஆடுகளும் சுகம்.

பார்சலைப் பிரித்ததும் பேட்டைப் பார்த்து அலறாதே. முதலில் இதைப் படி. போனில் சொன்னால் நீ திட்டுவே. காகிதத்துக்குக் காது கிடையாது.

பிடி ஆடுதுன்னு போன வாரம் நீ அனுப்பினாயே, அதை ஒட்டிட்டேன். இனி யானை இழுத்தாலும் வராது. அதோடு விட்டிருக்கலாம். சிவப்புப் பக்கம் ரப்பருக்கு அடியில் மெத்தையாட்டம் ஸ்பாஞ்ச் இருக்கு. மொட்டு மொட்டாக நிற்கிற கறுப்புப் பக்கம் வெறும் மரம். எவனோ பிள்ளையை ஏமாத்திட்டான்னு எனக்கு ரத்தம் கொதிச்சிட்டு. கறுப்பு ரப்பரை உரிச்சு, பழைய டிராக்டர் சீட்டு ஸ்பாஞ்சை இழைச்சு, பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டிட்டேன்.

கிளப்பில் உனக்கு ஆட்டம் பழக்கிவிட்ட வேல்ராஜ் வாத்தியாரோட ஆடிப் பார்த்தேன். அவர் சுழற்றி விட்ட பந்து என் ஸ்பாஞ்சில் அமுங்கி, யோசிச்சு, அப்புறம் கிளம்பிச்சு பாரு! இந்நேரம் கழுகுமலையைத் தாண்டியிருக்கும். வாத்தியார் தலையில் கையை வச்சிட்டார். ஸ்பாஞ்ச் இல்லாததால்தான் பந்து டக்குன்னு மரத்தை உணர்ந்து, எதிராளி கொடுத்த சுழற்சியை அவனுக்கே தலைகீழாகத் திருப்புமாம். உன் ஆட்டமே அந்தப் பக்கத்தில்தான் இருக்காம். என் ஒட்டு வேலையோடு போனால் சனிக்கிழமை செலக்‌ஷனில் மேஜைகிட்டயே விட மாட்டாங்களாம்.

உரிச்சேன். ரப்பரே கிழிஞ்சிட்டு.

அந்த நேரம் பார்த்துக் கடைக்கு வந்தது யார் தெரியுமா? உங்கப்பா. பூ வைக்க வந்தவங்களைத் திருப்பி அனுப்பிட்டு நீ ரயிலேறின நாள் முதல் உன் பேரையே எடுக்காத மனுஷன். விஷயத்தைச் சொன்னேன். கிழிஞ்ச ரப்பரைத் திருப்பிப் பார்த்துட்டுப் போயிட்டார். மறுநாள் விடியக்காலம் புது ரப்பர் வாங்க மதுரை பஸ் ஏறினா, எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கார். ஆடுகளை உங்கம்மாகிட்ட விட்டுட்டு வந்தாராம். கல்யாணத்துக்கே ஆட்டை விட்டு வராதவர் அத்தான்.

கடைக்காரன் அதே கம்பெனி, அதே பேரில் மூணு எடுத்துப் போட்டான். அத்தான் கிழிஞ்ச துண்டைப் பக்கத்தில் வச்சு, கிடாய்க்குப் பல் பார்க்கிறாப்ல ஒவ்வொரு மொட்டையும் தடவினார். ரெண்டைத் தள்ளிட்டார். மூணாவதைத்தான் கையில் எடுத்தார். “இதுதாம்ல அவளுக்கு” என்றார். மடங்கிரும்னு ரெண்டு அட்டைக்கு நடுவில் வச்சு, கோவில்பட்டி வரைக்கும் மடியிலிருந்து இறக்கலை.

அதைத்தான் ஒட்டாமல் வைத்திருக்கேன். உன் பசையால் நீயே ஒட்டிக்கோ. பழையபடி மரத்தில் படுதான்னு அடிச்சுப் பார்.

படுதுன்னா எனக்குச் சொல்ல வேண்டாம்ட்டி. உங்கப்பாவுக்குப் போன் போடு. சரியா இருக்குன்னாளான்னு இதுக்குள்ள நாலு தடவை கேட்டாச்சு. பார்சல் இன்னும் என் கையில்தான் இருக்கு. எடுத்துட்டுப் பேசாமல் இருப்பார். வச்சிராதே. ஆட்டுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா, அவிய அங்கனதான் நிற்காவன்னு அர்த்தம். நீயே பேசு.

நல்லா ஆடிட்டு வா, தாயி.

உன் மாமன்,
மணிராஜ்